வருஷத்துக்கு ஒரு வாய்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கழுத்துக்குக் கீழே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். கழுத்துக்கு மேலே உள்ள கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், உன் தங்கை கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள், இருக்கிற ஒன்றரை அறையில் நான் எங்கே போய் உன்னிடம் ரகசியம் பேசுவது. அதனால் டாக்டர் சாப்பிடப் போயிருக்கிற மத்தியான நேரத்தில், வாசல் அட்டையை 'மூடியிருக்கிறது' என்று திருப்பிவிட்டு, கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். மீன்தொட்டி மோட்டாரைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. முதலில் ஒன்று, நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. கரண்டில் ஓடுகிற டூத் பிரஷ், ஆளுக்கொரு கலரில் தலை, அப்பாவுக்கு நீலம் என்று நீயே சீட்டு ஒட்டியிருந்தாய். அப்பா அதை சார்ஜ் போட்டு, ஓடவிட்டு, காதில் வைத்துக் கேட்டு, நல்ல மோட்டார்தான் என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார். அப்புறம் திரும்பப் பெட்டியிலேயே போட்டு பீரோ மேலே ஏற்றிவிட்டார். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி, நடுவில் போனை எடுக்காதே.

போன வாரம் வீடியோவில் பேசும்போது, அப்பா ஏம்மா மூஞ்சியையே காட்ட மாட்டேங்கறார், எனக்கு ஃபேன் மட்டும்தான் தெரியுது என்று கேட்டாய். சளி பிடித்திருக்கிறது என்றேன். அதற்கு முந்தின தடவை கேட்டபோது கேமரா சரியில்லை என்றேன். இரண்டும் பொய். கொஞ்ச நாளாகவே நீ எங்கள் வீட்டு ஃபேனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாய், அதுவும் உனக்கு ம் ம் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. உன் அப்பாவுக்கு மேல்வரிசையில் முன்பல் மூன்று இல்லை. தானாக விழவில்லை, யாரும் தட்டிவிடவும் இல்லை. அவராகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பீரோ மேலே நீல பிரஷ் இருப்பது அதனால்தான். உன்மேல் கோபம் இல்லை, உனக்குத் தெரியாது, தெரியாமல் அனுப்பினாய். கோபம் யார் மேல் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை, எழுதிக்கொண்டே போனால் தெரியுமோ என்று பார்க்கிறேன்.

நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்பதை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். உனக்கு அப்போது பதினாலு வயசு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன் முன்பல்லைப் பார்த்து முயல் முயல் என்று கூப்பிட்டதில், நீ கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தாய். உன்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். கம்பி போட்டால் பல் வரிசையாகிவிடும் என்று டாக்டர் சொன்னார், விலையை அவர் சொல்லவில்லை, வெளியே கவுண்டரில் சொல்வாங்க என்றார். கவுண்டரில் அப்போது இருந்த அம்மா சொன்னதும் எனக்குக் காது அடைத்துப்போய்விட்டது. ஆனாலும் அந்த அம்மா யாரிடமோ போனில், அடுத்த மாசத்தோட இந்த வேலையை விடறேன் என்று சொன்னது மட்டும் எப்படியோ உள்ளே போயிற்று. திரும்ப டாக்டர் அறைக்குள் நுழைந்து, அந்த வேலையை எனக்குக் கொடுங்க, கம்பிக்கான பணத்தைச் சம்பளத்துல பிடிச்சுக்குங்க என்று கேட்டேன். பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவள் பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்க வந்தேன். உன் பல் நேராகிற வரைக்கும் என் சம்பளம் உன் வாய்க்குள்தான் போயிற்று. இதைச் சொல்லிக்காட்டவே கூடாது என்று இத்தனை வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தேன், இன்றைக்குச் சொல்லிக்காட்டிவிட்டேன், பரவாயில்லை, பெற்ற அம்மாதானே. கம்பி போடுவதற்கு முன்னால் உன் வாயை அச்செடுத்துச் செய்த பிளாஸ்டர் பல்வரிசை இன்னமும் நம் டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. அப்பா அதில் சின்ன ஸ்க்ரூவும் ஃப்யூஸும் போட்டு வைத்திருக்கிறார். தேடும்போது, டேய் வாயைத் திற என்று அதட்டிவிட்டுத்தான் எடுப்பார்.

இந்த நாற்காலியில் என் வேலை என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டும், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். டோக்கன் கொடுப்பது, எக்ஸ்ரே எடுத்து வைப்பது, லேபுக்குப் போன் பண்ணுவது எல்லாம் சும்மா. என் உண்மையான வேலை விலையைச் சொல்வது. டாக்டர் வாயிலிருந்து விலை வராது. உள்ளே அவர் கையைக் கழுவிக்கொண்டே, காப்பாத்திடலாம் சார், கவலையே படாதீங்க என்று அனுப்புவார். அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வருகிறவர்களுக்கு நான் விலையைச் சொல்வேன். அதற்கு ஒரு குரல் இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது வரவில்லை, தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சொல்வேன், கேட்கிறவர்கள் என்னைத்தான் பாவமாகப் பார்ப்பார்கள். அப்புறம் பழகிவிட்டது. ஏறாமல் இறங்காமல் ரயில் வருகிற நேரம் சொல்வது போலச் சொல்ல வேண்டும், சொல்லும்போது மேஜையைப் பார்க்க வேண்டும், சொல்லி முடித்தவுடன் எதையாவது ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். எதிரே நிற்கிறவர் முகத்தைச் சரிபண்ணிக்கொள்ள அந்த நேரம் போதும். பெரும்பாலும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், வீட்டுல கேட்டுட்டு சொல்றேன். கோட்டுப் போட்டவரும் அதைத்தான் சொல்வார், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறவரும் அதைத்தான் சொல்வார். தனியாகக் குடியிருக்கிற ஒரு பெரியவர்கூடச் சொல்லியிருக்கிறார், எந்த வீட்டில் யாரைக் கேட்பாரோ. சரிங்க, கேட்டுட்டு வாங்க என்று நானும் சொல்வேன். அப்படிச் சொன்னவர்கள் திரும்பி வருவதில்லை. அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருந்தாலும் கதவு வரைக்கும் இரண்டு பேரும் அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கிறோம்.

உன் கம்பிக் கணக்கு தீர்ந்த பிறகு டாக்டர் எனக்கு ஒரு சலுகை கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு வாய். ஸ்டாஃப் வீட்டில் யாராவது ஒருத்தருக்கு அவர் கைவேலைக்குக் காசு வாங்க மாட்டார், லேபுக்கு ஆகிறதை மட்டும் கொடுத்தால் போதும், அந்த ஒருத்தர் வாயில் எத்தனை பல் என்றாலும் பார்த்துக்கொடுப்பார். நல்ல மனசுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அன்றிலிருந்து நம் வீட்டில் பல்வலிக்கும் முறை வந்துவிட்டது. யாருக்கு வலித்தாலும் முதலில், இது யாரோட வருஷம் என்றுதான் கேட்கிறோம். ஒரு வருஷம் என் முறை வந்தது, நினைவிருக்கிறதா உனக்கு. கீழே கடைவாயில் இரண்டு பல்லுக்கு கேப் போடுவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ காலேஜ் கேன்டீனில் சாப்பிடும்போது, கம்பி எடுத்தபின் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கிளிப்பைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்து, தட்டோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தாய். அப்பா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து கரண்டு வேலைக்குப் போடுகிற கையுறையை மாட்டிக்கொண்டு கேன்டீன் தொட்டியைக் கிளறினார், கிடைக்கவில்லை. கிளிப் இல்லாமல் பல் பழையபடி விலகிவிடும், இன்டர்வியூ வேறு வருகிறது என்று அழுதாய். அந்த வருஷத்து வாயும் உனக்கே போயிற்று. என் கடைவாய் இரண்டும் அதற்கப்புறம் பிடுங்கும்படிதான் ஆயிற்று. நான் இடது பக்கமாகவே மென்று சாப்பிடக் கற்றுக்கொண்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை.

இந்த வருஷம் அப்பாவுடையது. அவர் வயர் உரிப்பது எப்படி என்று உனக்குத் தெரியும், பிளையர் இடுப்பிலேயே தொங்கும், ஆனால் வயரை வாயில் வைத்துக் கடித்து ஒரு இழுப்பு. ஏணியில் நிற்கும்போது ஒரு கை சுவரில், ஒரு கையில் வயர், மூணாவது கைக்கு எங்கே போறது என்பார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பார்த்தேன். கடைசியில் முன்பல் இரண்டில் கீறல் விழுந்து, பக்கத்துப் பல் கறுத்துப்போய், டாக்டர் பார்த்துவிட்டு ரூட் கேனல் பண்ணி கேப் போட்டால் மூன்றையும் காப்பாற்றலாம் என்றார். தேதியும் குறித்துவிட்டோம். அப்பாவுக்கு ஒரே குஷி, நான் மாப்பிள்ளை ஆகப்போறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துக்கொண்டார். அந்தத் தேதிக்கு முந்தின வாரம் உன் தங்கை காலையில் எழுந்து வந்தாள், ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. கடைவாய்ப் பல் சொத்தை உள்ளே வேர் வரைக்கும் போய்ச் சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாளாக வலிக்கிறது என்று டாக்டர் கேட்டதும் அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பையைத் திறந்து பார்த்தேன், பென்சில் டப்பாவில் கிராம்பு. இது அப்பாவோட வருஷம்னு தெரியும்மா, அடுத்த வருஷம் வரைக்கும் தள்ளிடலாம்னு பார்த்தேன் என்றாள். பதினேழு வயசுப் பெண், வலியைத் தள்ளிப்போடக் கணக்குப் பார்த்திருக்கிறாள். அப்படி வளர்த்திருக்கிறோம்.

டாக்டரிடம் கேட்டேன். இரண்டு வாய் ஒரே வருஷம் என்றால் முடியாது என்றார். உங்களுக்கு வளைஞ்சு கொடுத்தா அசிஸ்டென்ட் பொண்ணு கேக்கும், கூட்டற அம்மா கேக்கும், நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான், நீங்களே சொல்லுங்க என்றார். நானே சொல்ல வேண்டுமாம். சரிங்க டாக்டர் என்று நானே சொன்னேன். பாப்பாவுக்குச் சலுகை, அப்பாவுக்கு முழு விலை, ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக் திறந்து வைத்து நான் வேலை பார்த்துக் கழிப்பது என்று பேசி முடித்தேன். வீட்டில் வந்து, இரண்டு பேருக்கும் பண்ணப் போறோம், உங்களுக்கு முழு விலை, ஞாயித்துக்கிழமை வேலை பார்த்துக் கழிச்சுடறேன் என்று மட்டும் சொன்னேன். முழு விலைன்னா எவ்வளவு என்று அப்பா கேட்டார். உங்களுக்கு எதுக்கு, நான் பார்த்துக்கறேன் என்றேன். சாப்பிடும்போது கேட்டார், துணி மடிக்கும்போது கேட்டார், நான் சொல்லவில்லை. உனக்கும் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் உன் ஊர்க் காசில் வகுத்துப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்பாய், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

உன் அப்பா விடுகிற ஆளா. ஒரு நாள் மத்தியானத்துக்கு முன்னால், கூட்டம் நெரிகிற நேரம், கதவைத் திறந்துகொண்டு வேலை உடுப்போடு டூல் பையையும் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, மேடம் ஒரு டோக்கன் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, என்ன இது, வீட்டுக்குப் போங்க என்றேன். டோக்கன் குடுக்க மாட்டீங்களா, அப்ப நான் வரிசையிலயே நிக்கறேன் என்று ஒரு அம்மாவுக்கும் அவர் பேரனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பையனுக்கு மீனைக் காட்டி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் எழுந்து வந்து கவுண்டரில் இரண்டு கையையும் வைத்து, முன்பல் மூணு மேடம், ரூட் கேனல், கேப் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பின்னால் ஆள் நிற்கிறார்கள். கவுண்டருக்கு வந்து கேட்டால் நான் சொல்லியே ஆக வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறார், வீட்டில் பிடி கொடுக்காதவளை வேலை செய்கிற இடத்தில் வந்து பிடித்துவிட்டார். நான் மேஜையைப் பார்த்தேன். விலையைச் சொன்னேன். அதே குரல், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. சொல்லி முடித்து ஸ்டேப்ளரையும் எடுத்துவிட்டேன், பழக்கம். அவர் டூல் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, சரிங்க மேடம், வீட்டுல கேட்டுட்டு சொல்றேன் என்றார். பக்கத்தில் மருந்துத் தட்டோடு நின்ற அசிஸ்டென்ட் பெண்ணுக்கு அவர் யார் என்று தெரியுமாதலால் களுக்கென்று சிரித்துவிட்டாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார், மூன்று முன்பல்லும் தெரியச் சிரித்தார். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் திரும்பி வருவதில்லை என்று இத்தனை வருஷமாகத் தெரிந்த எனக்கு, அன்றைக்கு மட்டும் அது வேடிக்கையாகத் தெரிந்தது.

ஊருக்கு வெளியே பல் மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகள் இலவசமாகப் பிடுங்கிவிடுவார்கள். காப்பாற்றவும் செய்வார்கள், ஆனால் அதற்குப் பத்துத் தடவையாவது போக வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் கூலி போகும். பிடுங்குவது ஒரே நாள் வேலை. பெரிய வயரிங் வேலை, வர லேட்டாகும் என்று சொல்லிவிட்டுப் போனவர் வாய் நிறையப் பஞ்சோடு வந்தார். நான் கேட்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தி, பாத்ரூமுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, முடிஞ்சது, இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாம் நீ போக வேண்டாம் என்றார். அங்கே இருந்த மாணவி இரண்டு தடவை கேட்டாளாம், சார் இது காப்பாத்தக்கூடிய பல்லு, நிஜமாவே எடுத்துடவா என்று. எடும்மா, உனக்கும் ஒரு பிராக்டிஸ் என்று இவர் சொன்னாராம். அதை எனக்குப் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு பேசவே இல்லை, சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். பிடுங்குவதற்குத்தான் காசு கேட்பதில்லை கண்ணா, அந்த இடைவெளிக்கு விலை உண்டு. அந்த மூன்றைக் காப்பாற்ற ஆகியிருக்கக்கூடியதைவிட, இப்போது பக்கத்துப் பல்லையும் ராவி பாலம் மாதிரி கட்ட அதிகம் ஆகும். இதைத் தினமும் பத்துப் பேருக்கு விளக்கிச் சொல்கிறவள் வீட்டிலேயே இது நடந்தது.

உன் தங்கை என்ன செய்தாள் தெரியுமா. அவள் சிகிச்சை நாள் வந்தது, நாற்காலியில் ஏறிப் படுத்தாள், விளக்கைப் போட்டார்கள், வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சொல்லிப் பார்த்தார், அசிஸ்டென்ட் பெண் கொஞ்சிப் பார்த்தாள், நான் கவுண்டரை விட்டுவிட்டு ஓடினேன், ம்ஹும் என்ற ஒரு சத்தம்தான். உதட்டைப் பிளந்து சொன்னது ஒரே வார்த்தை, அது எனக்கு. நீ அப்பாக்கிட்டயும் கவுண்டர்ல பேசற மாதிரிதான் பேசினியா என்றாள். அசிஸ்டென்ட் பெண் அன்றைக்கு நடந்ததை அவளுக்குச் சொல்லியிருக்கிறாள், வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பாள். வேறு எந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். தழுதழுத்துச் சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் போய்ப் பிடுங்கிக்கொண்டிருப்பார். கீழே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த அப்பாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். முகத்தில் மாஸ்க், வேலையிலும் இப்போது மாஸ்க்தான், கேட்டால் தூசி என்பார். நாற்காலி பக்கத்தில் வந்து மாஸ்கைக் கீழே இழுத்துவிட்டு, பாரு பாப்பா, அப்பாவுக்கு ஸ்ட்ரா பிடிக்கக் கையே வேண்டாம், நடுவுல செருகினா போதும் என்று விரலை அந்தச் சந்துக்குள் விட்டுக் காட்டினார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து வாய் திறந்துவிட்டது, டாக்டர் சட்டென்று பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார். அப்பா மாஸ்கை மேலே ஏற்றிக்கொண்டார். அவர் வாய் திறந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. பாப்பாவின் பல் பிழைத்துவிட்டது, கேப்பும் போட்டாயிற்று, மெல்லுகிறாள், தூங்குகிறாள், என்னோடு மட்டும் தேவைக்குத்தான் பேசுகிறாள். அப்பா போன வாரம் வயர் உரிக்கிற கருவி ஒன்று வாங்கி வந்தார், நம் கிளினிக்கில் டோக்கன் எடுக்கிற காசுகூட ஆகாது அதற்கு. வாங்கியும் வயரை முதலில் வாய்க்குத்தான் கொண்டுபோகிறார், உதட்டில் பட்டதும் ஞாபகம் வந்து கையைக் கீழே இறக்குகிறார். பக்கத்து வீட்டில் ஸ்விட்ச் மாற்றும்போது நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. நீ அனுப்புவது வாடகைக்கும் பாப்பா படிப்புக்கும் போய்விடுகிறது, அதற்கு மேல் அனுப்பினால் நீ எதில் கையை வைப்பாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வீடியோவில் நீ சாப்பிட்டுக்கொண்டே பேசினாய். ரொட்டியை இடது பக்கமே ஒதுக்கினாய், தண்ணீர் குடிக்கும்போது தலையைச் சாய்த்தாய், குளிர்ந்த தண்ணீர் வலது பக்கம் பட்டதும் ஒரு கண் சுருங்கியது. என்னடா என்று கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, இங்க இன்ஷூரன்ஸ்ல பல்லு உடம்புல சேர்த்தி இல்லையாம், கண்ணு வரைக்கும் பார்ப்பாங்களாம், மூக்கு வரைக்கும் பார்ப்பாங்களாம், வாய் வந்தா கைய விரிச்சுடறாங்க, லீவுல அங்க வரும்போது பார்த்துக்கலாம் என்று சிரித்தாய். என் சம்பளத்தில் நேரான பல் எல்லாம் தெரிந்தது. நீ ஃபேனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய், ஆனால் அப்பா உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை, அடுத்த வருஷத்து வாய் பையனுக்குப் போட்டுடு. லீவுல வர்றான்ல, வந்ததும் உட்கார வெச்சுடு, எனக்கென்ன, நான் பழகிட்டேன் என்றார். ரொட்டியைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே சொன்னார்.

பழகவிட மாட்டேன். அடுத்த வருஷத்து வாய் உன் அப்பாவுடையது, இன்றைக்குக் காலையிலேயே டாக்டரிடம் சொல்லி வைத்துவிட்டேன், ஈறு ஆறுவதற்கும் அவ்வளவு நாள் ஆகும். ஆனால் நீ வலிக்கிற பல்லோடு வாசலில் வந்து நின்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது, உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து அவரே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார், நான் மறித்தால் நீ பெத்த அம்மாதானா என்று என்னையே கேட்பார். அதனால் நீ அங்கேயே, இந்த வாரமே, அந்தப் பல்லைப் பார்த்துக்கொள். எங்களுக்கு ஒரு மாசம் பணம் அனுப்பாதே. பார்சல் ஒன்றும் வேண்டாம். உன் பிறந்தநாளுக்கு நீயே வாங்கிக்கொள்வதாக இருந்த அந்தக் குளிர்ச்சட்டையை அடுத்த வருஷம் வாங்கிக்கொள். பாப்பாவும் நானும் சமாளித்துக்கொள்வோம், எங்களுக்குப் பழக்கம் உண்டு. பிடுங்கினால் மலிவு என்று அங்கே யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு, வேறு ஆளைப் பார். நீ குணமாகி வந்தால்தான் உன் அப்பாவுக்குப் பல் வரும், இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது. அப்பாவிடம் நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. அடுத்த தடவை ஃபேன் தெரிந்தால் ஃபேனோடு பேசு, அப்பா எங்கே என்று கேட்காதே, என் பல்லு சரியாயிடுச்சுப்பா என்று மட்டும் ஃபேனைப் பார்த்துச் சொல், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

டாக்டர் வண்டிச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் மென்று வயிறாரச் சாப்பிட வேண்டும், யாருக்கும் முகத்தை மறைக்காமல் சிரிக்கிற வாழ்க்கை உனக்கு அமைய வேண்டும், அதைத் தவிர உனக்காக நான் வேறு ஒன்றும் கேட்டதில்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அங்கேயும் ஒரு கவுண்டர் இருக்கும், அதன் பின்னால் என்னைப்போல ஒருத்தி இருப்பாள், மேஜையைப் பார்த்துக்கொண்டு விலையைச் சொல்வாள். அவளிடம் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வராதே. வீட்டில் கேட்டாயிற்று. வீட்டில் சரி என்று சொல்லியாயிற்று.

இப்படிக்கு,
உன் அம்மா